குறைந்த செலவில் ஏரோ சக்கரம்: டிரையத்லானுக்கு எதை வாங்கலாம்?

கோவாவில் நடக்கும் அயர்ன்மேன் 70.3 போட்டியை (நீச்சல், 90 கி.மீ. சைக்கிள், ஓட்டம் மூன்றும் அடங்கிய டிரையத்லான்) ஒரு முறை முடித்துவிட்டு, அடுத்த ஆண்டுக்கும் பெயர் கொடுத்துவிட்ட நண்பர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் சக்கரத்தைப் பற்றியதாகவே இருக்கிறது. 50 மி.மீ. ஆழமுள்ள ரிம் போதுமா, 80 வேண்டுமா? சீன நிறுவனத்திடமிருந்து நேரடியாக வரவழைக்கலாமா? பெயர்பெற்ற ஜிப் நிறுவனத்தின் பழைய சக்கரம் ஒன்று மலிவாக வருகிறதே, அதை எடுத்துவிடலாமா? ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிவந்ததை இங்கே ஒன்றாக எழுதுகிறேன்.

சமதளத்தில் மணிக்கு 28 முதல் 34 கி.மீ. வேகத்தில் 90 கி.மீ. ஓட்டுபவர்களையும், சாதாரண ரோடு பைக்கில் ஏரோ பார் (முழங்கையை ஊன்றி, முன்னால் படுத்தபடி பிடிக்கும் கைப்பிடி) பொருத்தியோ விலை குறைந்த டிடி பைக்கிலோ (டைம் டிரையல் சைக்கிள்) ஓட்டுபவர்களையும், சக்கரத்துக்கென்று ஒரு லட்சம் ரூபாய்க்கு மேல் ஒதுக்க முடியாதவர்களையும் மனத்தில் வைத்தே இது எழுதப்படுகிறது. பரிசு மேடை ஏறும் வேகத்தில் ஓட்டுபவர்களுடைய கணக்கு வேறு.

## எதை வைத்து எடைபோடுவது

முதல் அளவுகோல் நேரம். ஓட்டுபவரும் சைக்கிளும் சேர்ந்து 84 கிலோ, சமதளம், காற்றில்லாத காலை, ஏரோ பாரில் படுத்த நிலை, மணிக்கு 32 கி.மீ. வேகம் என்று வைத்துக்கொள்வோம். அந்த வேகத்துக்கு அவர் தர வேண்டிய சுமார் 160 வாட்டில் 120 வாட் காற்றுத் தடையைச் சமாளிக்கவே போய்விடுகிறது. மிச்சத்தில் பெரும்பகுதியை டயர் தரையில் உருளும் தடை தின்கிறது. 90 கி.மீ.யை அவர் 2 மணி 49 நிமிடத்தில் முடிப்பார். சாதாரணச் சக்கரத்திலிருந்து ஆழமான ரிம்முக்கு மாறினால் மொத்தக் காற்றுத் தடை 2 சதவீதம் குறைவதாக எடுத்துக்கொண்டு அதே வாட்டுக்குக் கணக்குப் போட்டால், மிச்சமாவது சுமார் 1 நிமிடம். படுக்கும் நிலையைச் சரிசெய்து, தொளதொளவென்ற சட்டையை விட்டு ஒட்டிய உடைக்கு மாறி, காற்றுத் தடையை 10 சதவீதம் குறைத்தால் 5 நிமிடத்துக்கு மேல் மிச்சமாகும். உருளல் தடை மிகுந்த டயரைக் கழற்றிவிட்டு, அதன் ஐந்தில் ஒரு பங்கைக் குறைக்கும் பந்தய டயரைப் போட்டால் 3 நிமிடம் கிடைக்கும்.

ஆகவே, படுக்கும் நிலையையும் டயரையும் இன்னும் சரிசெய்யாதவர் சக்கரத்துக்காகக் கடன் வாங்கக் கூடாது என்பதே என் உறுதியான கருத்து. எடையைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடலாம்: ஒரு ஜோடிச் சக்கரம் இன்னொன்றைவிட 300 கிராம் கூடுதல் என்றால், மொத்தம் 500 மீட்டர் ஏற்றமுள்ள பாதையில் அதனால் இழப்பது சுமார் 9 விநாடிதான். விளம்பரத்தில் பெரிதாக அச்சிடப்படும் கிராம் எண்ணிக்கையைப் பார்த்து மயங்க வேண்டியதில்லை.

இரண்டாவது அளவுகோல் பக்கக்காற்று. எனக்கு இதுவே முதன்மையானது. காற்று சற்றுச் சாய்வாக வரும்போதுதான் ஆழமான ரிம் நன்றாக வேலை செய்கிறது. அதே காற்றுதான் முன்சக்கரத்தைப் பிடித்து ஹேண்டில்பாரையும் திருப்புகிறது. சென்னையின் ஈசிஆர் (கிழக்குக் கடற்கரைச் சாலை) கடற்கரையை ஒட்டி வடக்கு தெற்காக ஓடுவதால் கடற்காற்று எழுந்துவிட்டால் அது முழுவதும் பக்கக்காற்றுதான். சில ஆண்டுகளுக்கு முன், மே மாதத்தில் ஒரு நாள், நண்பரிடம் இரவல் வாங்கிய 80 மி.மீ. முன்சக்கரத்தோடு மாமல்லபுரம் போய்விட்டுத் திரும்ப நேரமாகிவிட்டது. முட்டுக்காடு பாலத்தில் ஏறும்போது மணி பதினொன்றைத் தாண்டியிருந்தது. வலப்பக்கத்திலிருந்து வீசிய காற்றுக்கு எதிராகச் சாய்ந்தபடி ஓட்டிக்கொண்டிருந்தேன். ஒரு பேருந்து என்னை முந்தியது. அது காற்றை மறைத்த அந்த நொடியில் என் சாய்வுக்கு எதிர்ப்பே இல்லாமல் போய், சைக்கிள் பேருந்தை நோக்கி இழுபட்டது. பேருந்து கடந்ததும் காற்று மறுபடி அறைந்து என்னைக் கைப்பிடிச் சுவரின் பக்கம் தள்ளியது. அன்று ஏரோ பாரிலிருந்து எழுந்து பிரேக்கைப் பிடித்தவன் பாலவாக்கம் வரும்வரை மீண்டும் படுக்கவே இல்லை.

அந்த எழுந்து உட்கார்தலுக்கும் ஒரு விலை உண்டு. மேலே சொன்ன அதே ஓட்டுநர் ஏரோ பாரை விட்டு எழுந்தால் காற்றுத் தடை 20 சதவீதம் கூடுவதாகக் கொண்டால், ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் 6 விநாடிக்கு மேல் இழப்பார். அதாவது 90-இல் வெறும் 10 கி.மீ. பயந்து எழுந்து ஓட்டினாலே, ஆழமான சக்கரம் தந்த ஒரு நிமிடம் முழுவதும் கரைந்துவிடும். 55 கிலோ எடையுள்ள ஒருவருக்கு 80 கிலோ எடையுள்ளவரைவிட இந்த ஆட்டம் அதிகம் என்பதால், நண்பர் பயமின்றி ஓட்டுகிறார் என்பதை வைத்து உங்கள் முன்சக்கரத்தைத் தேர்ந்தெடுக்க முடியாது. பின்சக்கரத்துக்கு இந்தச் சிக்கல் இல்லை. அது ஹேண்டிலைத் திருப்புவதில்லை. எவ்வளவு ஆழமாக இருந்தாலும் பெரும்பாலும் அடங்கியே ஓடும்.

மற்ற அளவுகோல்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சைக்கிள் ரிம் பிரேக்கா டிஸ்க் பிரேக்கா, அச்சு குவிக் ரிலீஸா த்ரூ ஆக்ஸிலா, கேசட்டுக்கு (பின்னாலுள்ள பல்சக்கரத் தொகுதி) எந்த ஃப்ரீஹப் (அதைத் தாங்கும் பகுதி), ஃபிரேமில் எத்தனை மி.மீ. டயர் நுழையும் என்ற நான்கையும் எழுதி வைத்துக்கொண்டே கடைப்பக்கம் போக வேண்டும். கோட்டம் எடுக்க உள்ளூரில் ஆள் கிடைப்பாரா என்பதும், விதி அனுமதிக்கிறதா என்பதும் அடுத்தவை. அயர்ன்மேன் போட்டிகளில் முன்சக்கரம் ஸ்போக் உள்ளதாக இருக்க வேண்டும். ஸ்போக் இல்லாத முழு டிஸ்க் சக்கரமோ, ஸ்போக்கை மறைக்கும் மூடியோ பின்னால் மட்டும் போடலாம். காற்று பலமாக வீசும் ஹவாயின் கோனாவில் நடக்கும் உலக சாம்பியன்ஷிப்பில் பின்னாலும் டிஸ்க்குக்கு இடமில்லை.

## முதல் வழி: இருக்கும் சக்கரம், நல்ல டயர், பின்சக்கர மூடி

சென்னையில் பலர் பஞ்சருக்குப் பயந்து கேட்டர்ஸ்கின் போன்ற தடித்த டயரையே போட்டியிலும் ஓட்டுகிறார்கள். பயிற்சிக்கு அது நல்ல டயர். போட்டி நாளில் கிராண்ட் பிரி 5000 போன்ற பந்தய டயரோடு ஒப்பிட்டால் மிகவும் மெதுவானது. அதை மாற்றி, சாதாரண பியூட்டைல் டியூபுக்குப் பதிலாக லேட்டக்ஸ் டியூப் போட்டால், இந்தக் கட்டுரையில் சொல்லப்படும் எந்தச் சக்கரத்தையும்விடக் குறைந்த காசில் அதிக நேரம் மிச்சமாகும். லேட்டக்ஸில் காற்று ஒரே இரவில் கணிசமாக இறங்கிவிடும். எனவே போட்டி நாள் விடியற்காலையில் பம்ப் கையில் இருக்க வேண்டும்.

அதன்பின் பின்சக்கர மூடி. அமெரிக்காவின் வீல்பில்டர் நிறுவனத்தின் ஏரோஜாக்கெட் போன்றவை சாதாரண ஸ்போக் சக்கரத்தின் இருபுறமும் மெல்லிய பிளாஸ்டிக் தகட்டைப் பொருத்தி அதை டிஸ்க் சக்கரமாக்கிவிடுகின்றன. முழுக் கார்பன் டிஸ்க்கின் விலையில் ஒரு சிறு பங்குதான் ஆகும். பலன் அதற்கு மிக அருகில் இருக்கும். 90 கி.மீ.க்கு அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம் வரை எதிர்பார்க்கலாம்.

என் முதல் மூடியை ஸ்டேஷனரி கடையில் வாங்கிய பிளாஸ்டிக் ஷீட்டை வட்டமாக வெட்டி, நடுவை நோக்கி ஓர் ஆரம் கீறி, லேசான கூம்பாக மடித்து, எலெக்ட்ரிக்கல் டேப்பால் ஒட்டி நானே செய்தேன். வேகம் எடுத்ததும் அது எழுப்பிய கும்மென்ற ஒலி இன்னும் காதில் இருக்கிறது. ஆனால் கோவளம் டீக்கடை வாசலில் அரை மணி நேரம் வெயிலில் நிறுத்தியதில் டேப்பின் பசை இளகி, திரும்பும் வழியில் ஓரம் தூக்கிக்கொண்டு ஃபிரேமில் உரசத் தொடங்கிவிட்டது. நம் வெயிலுக்கு டேப்பை மட்டும் நம்பக் கூடாது. ஸ்போக் கம்பிகளுக்கிடையே துளையிட்டுச் சிறு நட்டு போல்ட்டோ கேபிள் டையோ போட்டே ஆக வேண்டும். ரிம் பிரேக் சைக்கிளாக இருந்தால் பிரேக் பிடிக்கும் பட்டையை மூடி தொடக் கூடாது. டிஸ்க் பிரேக் சைக்கிளில் இடப்பக்க மூடி ரோட்டருக்கும் காலிப்பருக்கும் இடம்விட்டு அமைய வேண்டியிருப்பதால், வெட்டுவதற்கு முன் அளவெடுப்பதிலேயே ஒரு மாலை போய்விடும். வால்வுக்கான துளை சிறியதாக இருக்கும் என்பதால் வளைந்த பம்ப் தலை ஒன்றும் தேவைப்படும்; இதை மறந்துவிட்டுப் போட்டி மைதானத்தில் ஆள் ஆளிடம் கேட்டு அலைந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

முதல் இரண்டு மூன்று போட்டிகளைச் சந்திக்கப்போகிறவர்களுக்கும், அடுத்த ஆண்டு சைக்கிளையே மாற்றும் எண்ணம் உள்ளவர்களுக்கும் இதுவே சிறந்தது.

## இரண்டாம் வழி: அலுமினிய ரிம்மின் மேல் கார்பன் ஓடு

சாதாரண அலுமினிய ரிம்மின் உட்புறத்தில் மெல்லிய கார்பன் ஓட்டை ஒட்டி ஆழத்தைக் கூட்டும் முறை இது. மினசோட்டாவில் ஸ்டீவ் ஹெட் தொடங்கிய ஹெட் நிறுவனத்தின் ஜெட் வரிசை இவ்வகையில் பெயர்பெற்றது. 2010-களின் தொடக்கத்தில் லாஸ் வேகஸில் கிறிஸ், ஜான் தார்ன்ஹாம் என்ற இரட்டைச் சகோதரர்கள் தொடங்கிய ஃப்ளோ நிறுவனம், இதே முறையில் செய்த சக்கரங்களைக் கடைகளுக்குக் கொடுக்காமல் நேரடியாக விற்று, டிரையத்லான்காரர்களுக்கு மலிவான ஏரோ சக்கரம் என்பதையே சாத்தியமாக்கியது. பின்னர் அவர்களும் முழுக் கார்பனுக்கு மாறிவிட்டதால், பழைய வகை பெரும்பாலும் செகண்ட் ஹேண்டில்தான் கைக்கு வரும்.

இவற்றின் எடை அதிகம். அது ஏன் பெரிய குறையில்லை என்று மேலேயே பார்த்தோம். இவற்றின் பெரிய பலம் பிரேக். பிரேக் கட்டை பிடிப்பது அலுமினியத்தை என்பதால், மழையிலும் நீண்ட இறக்கத்திலும் சாதாரணச் சக்கரத்தைப் போலவே நிற்கும். பிரேக் கட்டையையும் மாற்ற வேண்டியதில்லை. லேட்டக்ஸ் டியூப் போடவும் தயங்க வேண்டியதில்லை. ரிம் பிரேக் சைக்கிள் வைத்திருப்பவர் ஒருவருக்கு நல்ல நிலையில் இவ்வகைச் சக்கரம் கிடைத்தால், மூன்றாம் வழியைப் பற்றி அவர் யோசிக்கவே வேண்டாம் என்பேன். டிஸ்க் பிரேக் சைக்கிளுக்கு இதைத் தேடிப் போவதில் பொருளில்லை.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை இரண்டு. பிரேக் பட்டை தேய்ந்து குழிந்திருக்கிறதா என்று ஓர் இரும்பு ஸ்கேலின் ஓரத்தை அதன் மேல் வைத்துப் பாருங்கள். நடுவே வெளிச்சம் தெரிந்தால் ஆயுள் போய்க்கொண்டிருக்கிறது. ஓட்டின் ஓரத்தை விரலால் சுற்றித் தட்டிப் பாருங்கள். ஓரிடத்தில் மட்டும் ஒலி மாறினால் ஒட்டு விட்டிருக்கிறது.

## மூன்றாம் வழி: சீனாவிலிருந்து நேரடியாக வரும் கார்பன்

லைட் பைசிக்கிள், ஃபார்ஸ்போர்ட்ஸ், எலீட்வீல்ஸ், வின்ஸ்பேஸ் போன்ற நிறுவனங்கள் இன்று விற்கும் 50 அல்லது 60 மி.மீ. முழுக் கார்பன் சக்கரங்கள், பத்தாண்டுகளுக்கு முன் பெயரில்லாமல் வந்த ரிம்களோடு ஒப்பிடக்கூடியவை அல்ல. வடிவமும் மாறிவிட்டது: கூர்மையான வி வடிவம் போய், உட்புற விளிம்பு உருண்டையான அகன்ற ரிம்கள் வந்துவிட்டன, அதே ஆழத்திலேயே இவை பக்கக்காற்றில் முன்பைவிட அமைதியாக ஓடுகின்றன. புதிதாக வாங்குகிற, டிஸ்க் பிரேக் சைக்கிள் வைத்திருக்கிற பெரும்பாலோருக்கு நான் பரிந்துரைப்பது இதைத்தான்.

செலவுக் கணக்கு மட்டும் பட்டியல் விலையோடு முடிவதில்லை. இந்தியாவுக்குள் வரும்போது பொருளின் விலையோடு சரக்குக் கட்டணத்தையும் சேர்த்த தொகைக்குச் சுங்கவரி, அதன்மேல் ஜிஎஸ்டி, அதற்கும் மேல் கூரியரின் கையாளுதல் கட்டணம் என்று ஏறிக்கொண்டே போகும். பட்டியல் விலையை ஒன்றரை மடங்காக்கிப் பார்த்து, அப்போதும் கட்டுப்படியானால் மட்டும் ஆர்டர் கொடுங்கள். டயர், நீளமான வால்வு டியூப் அல்லது வால்வு எக்ஸ்டென்டர், ரோட்டர், இன்னொரு கேசட் ஆகியவை இதில் அடங்கா. வால்வு எக்ஸ்டென்டரைத் திருகும்போது டேஃப்லான் டேப் சுற்றாமல் விட்டதால், ஒரு போட்டிக்கு முந்தைய இரவு முழுவதும் காற்று கசிந்து, விடிகாலை மூன்றரைக்கு முன்சக்கரம் தட்டையாகக் கிடந்ததைப் பார்த்தவன் நான். வெறும் பத்து ரூபாய் டேப்.

தேர்வில் மூன்று விஷயங்களை வலியுறுத்துவேன். முதலாவது, ரிம்மின் வெளி அகலம் டயரின் உண்மையான அகலத்தைவிட 5 சதவீதமாவது கூடுதலாக இருக்க வேண்டும். ஜிப்பில் பணியாற்றிய பொறியாளர் ஜாஷ் பர்ட்னர் பரப்பிய 105 சதவீத விதி இதுதான், 30 மி.மீ. அகலமுள்ள ரிம்முக்கு, காற்றடித்தபின் அளந்தால் 28.5 மி.மீ.க்குள் நிற்கும் டயர் பொருந்தும். விதி மீறினால் காற்று டயரிலிருந்து ரிம்முக்கு ஒட்டி ஓடாமல் பிரிந்துவிடும். ஆழத்துக்குக் கொடுத்த காசில் ஒரு பகுதி வீண். இரண்டாவது, ஹுக்லெஸ் ரிம்மைத் தவிர்த்து டயரைப் பிடிக்கும் கொக்கியுள்ள ரிம்மையே கேளுங்கள். ஹுக்லெஸில் காற்றழுத்தம் 72.5 பிஎஸ்ஐ-யைத் தாண்டக் கூடாது, அதற்கென்று ஒப்புதல் பெற்ற டயரைத்தான் போட வேண்டும் என்ற கட்டுப்பாடுகள் உண்டு. போட்டிக்கு முந்தைய நாள் டயர் கிழிந்து, கிடைத்ததைப் போட வேண்டிய நிலை வந்தால் அந்தக் கட்டுப்பாடுகள் ஆபத்தாக மாறும்.

மூன்றாவது, பழுது பார்க்கும் வசதி. நிப்பிள் (ஸ்போக்கை ரிம்மில் இறுக்கும் சிறு மறை) ரிம்முக்கு வெளியே தெரிகிறதா என்று பாருங்கள். உள்ளே மறைந்திருந்தால் சிறு கோட்டம் எடுக்கவும் டயரைக் கழற்ற வேண்டும். சாதாரண வளைந்த தலை ஸ்போக் கேளுங்கள். ஆர்டரோடு இரு பக்க நீளத்திலும் இரண்டிரண்டு உபரி ஸ்போக்குகளை அனுப்பச் சொல்லுங்கள். பின்னால் தனியாக வரவழைத்தால் ஸ்போக்கின் விலையைவிடக் கூரியருக்கே அதிகம் ஆகும். ஹப்பின் பேரிங் பற்றி அவ்வளவு கவலை வேண்டாம். பெரும்பாலானவற்றில் 6902 போன்ற பொது அளவுகள்தான் இருக்கும். பழைய பேரிங்கைக் கையோடு எடுத்துக்கொண்டு ஜி.பி. ரோட்டில் ஏறி இறங்கினால் கிடைத்துவிடும்.

ரிம் பிரேக் சைக்கிளுக்கு இவ்வழியை நான் தயக்கத்தோடுதான் சொல்வேன். கார்பன் பட்டையில் மழைக்கால பிரேக் தாமதமாகப் பிடிக்கும். நீண்ட இறக்கத்தில் பிரேக்கை அழுத்தியே வந்தால் சூடேறி ரிம்மே உருக்குலையக்கூடும். அந்தச் சூட்டில் லேட்டக்ஸ் டியூபும் தாங்காது. கார்பனுக்கென்றே உள்ள பிரேக் கட்டையைத்தான் போட வேண்டும். அலுமினியச் சக்கரத்தில் ஓடிய கட்டையில் பதிந்திருக்கும் உலோகத் துகள் கார்பனைக் கீறிவிடும். ஏற்காடு, கொல்லிமலை என்று மலையிறங்கும் பழக்கம் உள்ளவர்கள் அந்தச் சக்கரத்தை அங்கே கொண்டுபோகவே கூடாது.

## நான்காம் வழி: பெரிய பெயர், செகண்ட் ஹேண்ட்

ஜிப் 404, 808 போன்றவை விற்பனைக்கு வரும்போது ஆசை எழுவது இயல்பு. விலை நம்ப முடியாத அளவுக்குக் குறைவாக இருந்தால், முதலில் அது டியூபுலரா என்று கேளுங்கள். பெரும்பாலும் ஆமாம் என்றே பதில் வரும். பசை போட்டு ஒட்டும் டயர் அது. முறையாக ஒட்ட நாள்கணக்கில் ஆகும், பஞ்சரானால் டியூப் மாற்ற முடியாது, முழு டயரையே சுமந்து செல்ல வேண்டும். அந்த வேலையை விரும்பிச் செய்பவருக்கு மட்டுமே அது லாபம்.

கிளிஞ்சர் வகையாக (உள்ளே டியூப் போடும் வழக்கமான டயருக்கானது) இருந்தால், நேரில் பார்க்காமல் பணம் அனுப்பாதீர்கள். வெயிலில் நின்று ரிம்மைச் சுற்றிப் பார்த்து, டயர் உட்காரும் விளிம்பில் மயிரிழை விரிசலைத் தேடுங்கள். கார்பனில் விரிசலை ஒட்டிச் சரிசெய்து வர்ணம் அடித்துவிட முடியும் என்பதால், ஒரே ஓர் இடத்தில் ஸ்டிக்கர் புதிதாக இருந்தாலும் காரணம் கேளுங்கள். முதல் உரிமையாளருக்குத் தரப்பட்ட உத்தரவாதம் பெரும்பாலும் உங்களுக்கு வராது. விற்பவர் உங்கள் பயிற்சிக் குழுவிலேயே இருப்பவர், சக்கரம் எங்கெல்லாம் ஓடியது என்று உங்களுக்குத் தெரியும் என்றால் மட்டும் இது மிக நல்ல வழி.

## ஒரே பார்வையில்

டயரால் கிடைக்கும் 3 நிமிடம் நான்கு வழிகளுக்கும் பொது என்பதால், கீழே அது சேர்க்கப்படவில்லை.

| வழி | 90 கி.மீ.யில் மிச்சம் | பக்கக்காற்றில் | மறைந்திருக்கும் செலவு |
|---|---|---|---|
| பின்சக்கர மூடி | ½ – 1 நிமிடம் | சிக்கல் இல்லை | வளைந்த பம்ப் தலை, பொருத்தும் நேரம் |
| அலுமினிய ரிம், கார்பன் ஓடு | சுமார் 1 நிமிடம் | ஆழத்தைப் பொறுத்தது | தேய்ந்த பிரேக் பட்டை |
| புதிய சீனக் கார்பன், 50–60 மி.மீ. | சுமார் 1 நிமிடம் | பழகினால் எளிது | சுங்கவரி, வால்வு, உபரி ஸ்போக் |
| செகண்ட் ஹேண்ட் ஜிப் போன்றவை | சுமார் 1 நிமிடம் | பழைய வி வடிவமானால் கடினம் | விரிசல், உத்தரவாதமின்மை, டியூபுலர் பசை |

## யார் எதை எடுக்கலாம்

60 கிலோவுக்குக் கீழே எடை உள்ளவர்களும் காற்றில் பயப்படுபவர்களும் முன்னால் 40 முதல் 50 மி.மீ.க்கு மேல் போக வேண்டாம். பின்னால் மூடி போட்டுக்கொள்ளுங்கள். இந்தக் கலப்பு ஜோடி பார்ப்பதற்குப் பொருந்தாமல் தெரியலாம், ஆனால் செலவழித்த ரூபாய்க்கு இதைவிட அதிக நேரம் தரும் அமைப்பை நான் ஓட்டியதில்லை. 75 கிலோவுக்கு மேல் எடையும் நல்ல கைப்பழக்கமும் உள்ளவர்கள் முன்னால் 60 வரை போகலாம். 80 மி.மீ. முன்சக்கரத்தைக் கடற்கரைப் பாதையில் நடக்கும் போட்டிக்கு நான் யாருக்கும் சொல்வதில்லை.

எதை வாங்கினாலும் போட்டிக்கு ஆறு வாரத்துக்கு முன்பே சைக்கிளில் ஏற்றிவிடுங்கள். காற்றில்லாத விடியற்காலையில் மட்டும் ஓட்டிப் பார்த்துவிட்டு நிறுத்தாமல், ஒரு முறையாவது பிற்பகல் கடற்காற்றில், போக்குவரத்து குறைந்த நீட்டத்தில், ஏரோ பாரில் படுத்தபடி ஓட்டிப் பாருங்கள். புதுச் சக்கரத்தில் முதல் 200 கி.மீ.க்குள் ஸ்போக்குகள் தம் இடத்தில் நன்றாகப் படிந்து இழுவிசை சற்றுத் தளரும். அதன்பின் கோட்டம் எடுப்பவரிடம் கொடுத்து, ஒவ்வொரு கம்பியையும் விரலால் மீட்டி ஒலியை ஒப்பிட்டு இறுக்கச் சொல்லி, அதற்குப் பிறகே கோவாவுக்குப் பெட்டியில் வையுங்கள்.